பாக்கெட் அடிக்கக் கொடுக்கும் முன்... எது தொழிலுக்கு உதவும் டிசைன் சாஃப்ட்வேர்?

நமது கடையில் மல்லித் தூளுக்குப் புதிய லேபிள் போட்ட கதையை உறுப்பினர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நமக்கு வந்த நஷ்டம் இன்னொரு கடைக்காரருக்கு வராமல் இருந்தால் சரி என்று எழுதுகிறோம்.

தம்பி மகன் கல்லூரியில் படிக்கிறான். கெட்டிக்காரப் பையன். "டிசைனருக்கு எதுக்குப் பணம் குடுக்கணும் பெரியப்பா? நானே போட்டுத் தர்றேன்" என்றான். ஒரே இரவில் செல்போனிலேயே போட்டுக் காட்டினான். பச்சைப் பசேலென்று கொத்தமல்லித் தழை, நடுவில் நமது கடைப் பெயர், கீழே எடை, விலை, பார்கோடு எல்லாம் இருந்தது. வீட்டில் எல்லோரும் பார்த்து மகிழ்ந்தோம். அதை அப்படியே வாட்ஸ்அப்பில் அச்சகத்துக்கு அனுப்பி, 6,000 ஸ்டிக்கர் அடிக்கச் சொன்னோம்.

கட்டைப் பிரித்துப் பார்த்தால் முகம் வாடிவிட்டது. போனில் பளிச்சென்று இருந்த பச்சை, பாசி பிடித்த தொட்டி மாதிரி மங்கிப் போயிருந்தது. எடையும் விலையும் போட்ட சின்னக் கறுப்பு எழுத்துகளின் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பு நிழல், மறுபக்கம் நீல நிழல். 'கிராம்' என்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்க முடிந்தது. போகட்டும் என்று பாதியை ஒட்டி, நாம் வழக்கமாகச் சரக்குப் போடும் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் அத்தனையும் திரும்பி வந்தது. பில் போடும் இடத்தில் பார்கோடு படிக்கவில்லையாம்!

லேபிளுக்குக் கொடுத்த பணம் மட்டும் போகவில்லை. ஒட்டிய கூலி, உரித்த கூலி, உரிக்கும்போது கிழிந்த பாக்கெட்டுகள், வண்டி வாடகை இருமுறை, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஸ்டோரில் நமது பெயர். கோபத்தோடு அச்சகத்துக்குப் போனோம். அவர் நிதானமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க குடுத்ததைத்தான் அடிச்சோம். வந்தது அச்சுக்கான ஃபைலே இல்லை."

ஃபைல் என்றால் எல்லாம் ஃபைல்தானே, இதில் அச்சுக்கான ஃபைல் என்ன, அச்சுக்கு ஆகாத ஃபைல் என்ன என்று நமக்கு அப்போது புரியவில்லை. பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் டி.டி.பி. வேலை பார்த்து வரும் ஓர் அம்மையாரிடம் அந்த லேபிளை எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டோம். தொழிலுக்கான டிசைன் சாஃப்ட்வேர் எது, விளையாட்டுக்கானது எது என்று நாம் இப்போது சொல்வதெல்லாம் அங்கே கற்றதும், அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதும்தான்.

கோலமும் கோலத்தின் போட்டோவும்

அந்த அம்மையார் முதலில் நமது ஃபைலைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. கடைப் பெயர், எடை, பார்கோடு, கொத்தமல்லித் தழை எல்லாம் சேர்ந்து ஒரே போட்டோவாக இருந்ததுதான் காரணம். கணிப்பொறிக்கு அதில் எது எழுத்து, எது தழை என்று தெரியாது. எல்லாமே வண்ணப் புள்ளிகள்.

இதற்கு வீட்டு வாசலிலேயே உதாரணம் இருக்கிறது. '15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை' என்று ஒரு பெண்மணியிடம் சொன்னால், கைக்குட்டை அளவிலும் போடுவார், கோயில் பிரகாரம் அளவிலும் போடுவார். கோடு கோடாகவே இருக்கும். அதே கோலத்தைப் போட்டோ எடுத்துப் பிரகாரம் அளவுக்குப் பெரிதாக்கினால் மாவு மங்கல்தான் மிஞ்சும். கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்றவை முதல் வகை. எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிகிறது என்ற கணக்கைத்தான் அவை சேமிக்கின்றன. இதை வெக்டார் என்பார்கள். போட்டோஷாப் முதன்மையாக இரண்டாவது வகை, புள்ளிகளால் ஆனது. தழையின் படத்துக்கு அது வேண்டும். கடையின் முத்திரைக்கும் எழுத்துக்கும் முதல் வகைதான் வேண்டும்.

இதில் ஒரு கணக்கைச் சொல்லி வைக்கிறோம். அச்சில் வரும் படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் போதும் என்பது அச்சகங்களின் வழக்கம். பையன் போட்ட டிசைனில் கிட்டத்தட்ட அந்த அளவு இருந்ததாம். ஆனால் எழுத்துக்கு அது போதாது. ஆப்செட் பிளேட் எடுக்கும் இயந்திரம் பொதுவாக அங்குலத்துக்கு 2,400 புள்ளியில் வேலை செய்கிறது. எழுத்து வெக்டாராகப் போனால் அந்த 2,400-ன் கூர்மை முழுவதும் கிடைக்கும். படமாகப் போனால் 300-தான். அதிலும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தை மேலும் சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்று அனுப்பினால்தான் அனுப்பியது அனுப்பியபடி போய்ச் சேரும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை விசிட்டிங் கார்டு மங்கலாக வந்திருக்குமோ!

பச்சை எங்கே போயிற்று?

செல்போன் திரையில் தெரிவது ஒளி. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று விளக்குகளின் கலவை. காகிதத்தில் படிவது மை. நீலப்பச்சையான சியான், ரோஜாச் சிவப்பான மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் கலவை. இதைச் சுருக்கமாக சி.எம்.ஒய்.கே. என்பார்கள். விளக்கால் காட்ட முடிந்த எல்லா நிறத்தையும் மையால் காட்ட முடியாது. கண்ணைப் பறிக்கும் பச்சை, கத்தரிப்பூ, பளீர் ஆரஞ்சு, மின்னும் நீலம் ஆகியவைதான் அடிபடுகிறவை. நமது கொத்தமல்லி அதில் மாட்டிக்கொண்டது.

தொழிலுக்கான சாஃப்ட்வேர் இதை முன்கூட்டியே காட்டிவிடும். 'இந்தப் பச்சை அச்சில் இப்படித்தான் வரும்' என்று திரையிலேயே மங்க வைத்துக் காட்டும். அப்போதே மனதைத் தேற்றிக்கொண்டு வேறு பச்சையைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பச்சைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், நான்கு மையையும் கலக்காமல் அந்த நிறத்துக்கென்றே தனி மை கலந்து அடிக்கலாம். 1963-ம் ஆண்டு முதல் வழங்கி வரும் பான்டோன் எண்கள் இதற்குத்தான். எண்ணைச் சொன்னால் ஊர் மாறினாலும் நிறம் மாறாது. ஆனால் தனி மை என்றால் தனிச் செலவு. சின்னப் பாக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகுமா என்பதை அவரவர் கல்லாதான் சொல்ல வேண்டும்.

எழுத்தின் ஓரத்தில் நிழல் விழுந்த விஷயமும் நிறத்தின் விஷயம்தான். திரையின் கறுப்பை அச்சுக்கு மாற்றும்போது அது நான்கு மையும் சேர்ந்த கறுப்பாகிவிடுகிறது. காகிதம் நான்கு முறை மை வாங்குகிறது. முடியளவு நகர்ந்தாலும் சின்ன எழுத்து இரட்டையாகத் தெரியும். தொழிலுக்கான சாஃப்ட்வேரில் 'இந்த எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும்' என்று சொல்ல முடியும். சொன்னபடி இருக்கிறதா என்று சியான் பிளேட்டை மட்டும், கறுப்பு பிளேட்டை மட்டும் தனித்தனியாகத் திரையில் பார்க்கவும் முடியும். முன்பெல்லாம் ஆப்செட்டுக்கு நெகடிவ் ஃபிலிம்களைக் கண்ணாடி மேசையில் விளக்குக்கு மேல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள் அல்லவா, அதே வேலைதான் இது.

பாக்கெட் ரோல் அடிக்கும் உறுப்பினர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். மசாலா, வத்தல், அப்பளம் இவற்றின் பிளாஸ்டிக் ஃபிலிம் ரோல் பெரும்பாலும் கிராவ்யூர் முறையில் அடிக்கப்படுகிறது. அதில் ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர். தாமிரம் பூசிய சிலிண்டரில் எழுத்தைச் செதுக்கிவிட்டால் செதுக்கியதுதான். ஓர் எழுத்துப் பிழை என்றாலும் அந்தச் சிலிண்டரையே புதிதாகப் போட வேண்டியிருக்கும். டிசைனில் எங்கோ ஒரு மூலையில் தெரியாமல் ஐந்தாவது நிறம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்து, அது யார் கண்ணிலும் படாமல் போனால், ஒரு சிலிண்டரின் காசு தெண்டம். பிளேட்டுகளைத் தனித்தனியாகக் காட்டும் வசதியைக் கண்டுகொள்ளாத டிசைனரிடம் ரோல் வேலையைக் கொடுக்கவே கூடாது என்பது நமது அபிப்பிராயம்.

பார்கோடு

ஸ்டோர்காரர் சரக்கைத் திருப்பியதற்கு இரண்டு காரணங்கள். பையன் பார்கோடை இடத்துக்குத் தக்கபடி இழுத்துச் சுருக்கியிருந்தான், அது ஒன்று. பொருளில் போடும் 13 இலக்க பார்கோடுக்கு இயல்பான அளவு 37.29 மில்லி மீட்டர் அகலம், 25.93 மில்லி மீட்டர் உயரம். இதை 80 சதவீதம் வரை சுருக்கலாம். அதற்குக் கீழே போகக் கூடாது. இருபுறமும் வெற்றிடம் விட வேண்டும். அந்த வெற்றிடமும் கோட்டின் பகுதி என்றுதான் ஸ்கேனர் கணக்கிடுகிறது.

இரண்டாவது காரணம் நமக்கு வியப்பாக இருந்தது. அழகாக இருக்கட்டும் என்று பச்சைப் பின்னணியில் காப்பிக்கொட்டை நிறக் கோடுகள் போட்டிருந்தான். கடை ஸ்கேனர்களில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியில் படிக்கின்றன. சிவப்பு ஒளிக்கு முன்னால் சிவப்பும், ஆரஞ்சும், சிவப்பு கலந்த காப்பி நிறமும் வெளுத்துத் தெரியும். பச்சையும் நீலமும் கறுத்துத் தெரியும். ஆக, அந்த இயந்திரத்தின் கண்ணுக்கு நமது பார்கோடு கோடும் பின்னணியும் பிரியாமல் கலங்கியிருந்தது. நமது செல்போனில் வைத்துப் பார்த்தபோது படித்தது. அதை நம்பித்தான் ஏமாந்தோம். போன் கேமரா வெளிச்சத்தில் போட்டோ எடுத்துப் படிக்கிறது, ஸ்கேனர் அப்படியல்ல. அச்சுக்குக் கொடுக்கும் முன் அதே அளவில் ஒரு பிரதி எடுத்து, பக்கத்துக் கடை ஸ்கேனரில் காட்டிப் பார்ப்பதுதான் உத்தமம்.

தொழிலுக்கான சாஃப்ட்வேர்களில் சிலவற்றில் பார்கோடு தயாரிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் கடைசி சோதனை இலக்கத்தைத் தானே கணக்கிட்டு, அளவு மாறாமல் வெக்டாராகப் போட்டுத் தரும். எண்ணை மட்டும் நாமாகக் கற்பனை செய்து போடக் கூடாது. 890 என்று தொடங்கும் எண்களை முறைப்படி வழங்குவது ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பு.

அளவுகோல் சட்டத்திலும் இருக்கிறது

லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது உறுப்பினர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2009-ம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன் கீழ் வந்த 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளும் தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிடுபவரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, மாதம், ஆண்டு, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் என்று கேட்கின்றன. உணவுப் பொருளானால் 14 இலக்க உரிம எண்ணும், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமும் சேரும்.

டிசைனோடு இதற்கு என்ன சம்பந்தம் என்றால், எடையும் விலையும் எத்தனை மில்லி மீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. ஆய்வாளர் வந்து அளவுகோல் வைத்தால் பதில் சொல்ல வேண்டியவர் பாக்கெட்டில் பெயர் போட்டிருக்கும் நாம். டிசைன் போட்டவர் பெயர் அதில் இருக்காது. திரையில் பெரிதாகத் தெரிகிறது என்பது கணக்கில் சேராது. மில்லி மீட்டரில் பக்கத்தை அமைத்து, மில்லி மீட்டரில் எழுத்தை அளந்து காட்டும் சாஃப்ட்வேராக இருக்க வேண்டும். வெட்டும் கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மில்லி மீட்டர் நிறத்தை நீட்டி விடும் வசதியும் அதில் வேண்டும். அது இல்லாவிட்டால் கட்டிங் மெஷின் சிறிது நகர்ந்ததும் லேபிள் ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும்.

விலையையும் தேதியையும் டிசைனிலேயே சேர்த்து அடித்துவிடாதீர்கள். அதற்கு வெற்றிடம் விட்டு, முத்திரையாலோ இங்க்ஜெட்டாலோ பின்னால் போட்டுக்கொள்வதுதான் நல்லது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது இதன் அருமை தெரிந்தது. வெற்றிடம் விட்டவர்கள் புது விலையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். விலையோடு ரோல் அடித்து வைத்திருந்தவர்கள் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

'கிேலா' வந்த கதை

தமிழுக்கென்று ஒரு தனிச் சோதனை இருக்கிறது. ஆங்கில லேபிளை ஒழுங்காகப் போடும் சாஃப்ட்வேர் தமிழில் கவிழ்ந்துவிடும். 'கிலோ' என்பது 'கிேலா' என்று வந்த பாக்கெட்டுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 'லோ' என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். அந்த வித்தை சாஃப்ட்வேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் கொம்பு இடம் தெரியாமல் நிற்கும்.

தொண்ணூறுகளில் பேஜ்மேக்கரில் தமிழ் அடித்தவர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒளித்து வைத்த எழுத்துருக்கள் அவை. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு கம்பெனியின் எழுத்துருவில் அடித்தது இன்னொருவர் கணிப்பொறியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் என்ற முறைகளைக் கொண்டு வந்தது. பின்னர் 2010-ல் யூனிகோடை ஏற்றது. யூனிகோடில் அடித்த தமிழ் எந்த ஊர் கணிப்பொறியிலும் தமிழாகவே திறக்கும். ஆனால் டிசைன் சாஃப்ட்வேர்கள் அதைச் சரியாகக் காட்டக் கற்றுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் 2017-ல் வந்த 1.5.3 பதிப்பில்தான் அந்த வசதி சேர்ந்தது. அடோபியின் சாஃப்ட்வேர்களில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். தேர்ந்தெடுக்காமல் விட்டுவிட்டு, 'தமிழ் வராது சார்' என்று சொல்லும் ஆபரேட்டர்கள் உண்டு.

அச்சுக்கு அனுப்பும் பிரதியில் எழுத்தைக் கோடுகளாக மாற்றிவிடுவார்கள். 'கர்வ்ஸ் பண்ணியாச்சா?' என்று அச்சகத்தில் கேட்பது இதைத்தான். அப்படி மாற்றினால் எழுத்துரு இல்லாத இடத்திலும் எழுத்து கெடாது. ஆனால் மாற்றிய பிறகு அது எழுத்து அல்ல, வெறும் உருவம். முகவரியில் ஒரு சொல்லைத் திருத்த முடியாது. ஆகவே திருத்தக்கூடிய பிரதி ஒன்று, கர்வ்ஸ் பிரதி ஒன்று என்று இரண்டும் இருக்க வேண்டும்.

ஃபைல் யாருடையது?

நமக்குத் தெரிந்த ஓர் அரிசி வியாபாரி பல வருஷமாக ஒரே இடத்தில் மூட்டைக்கு டிசைன் போட்டு வந்தார். விலையில் மனஸ்தாபம் வந்து வேறு இடம் போனார். பழைய இடத்தில் ஃபைலைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். காலி மூட்டையைத் தட்டி நீவி, ஸ்கேன் செய்து, முதலிலிருந்து மறுபடி வரைந்தார்கள். பழைய வாடிக்கையாளர்கள் 'என்ன, சரக்கு மாறிடுச்சா?' என்று கேட்டதுதான் அவருக்கு வலித்தது.

டிசைனுக்குக் காசு கொடுத்தாலே உரிமையும் வந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். ஆர்டர் கொடுக்கும்போதே 'டிசைன் உரிமையும் மூல ஃபைலும் கடைக்கு' என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். சிலிண்டருக்கும் அப்படியே. காசு நம்முடையது என்றால் சிலிண்டர் நம்முடையது என்று பில்லில் இருக்கட்டும்.

ஃபைல் கையில் இருந்தால் மட்டும் போதாது, அது திறக்க வேண்டும். பேஜ்மேக்கர் 1985-ல் வந்தது. இல்லஸ்ட்ரேட்டர் 1987-ல், கோரல்டிரா 1989-ல், போட்டோஷாப் 1990-ல். நமது ஊர் டி.டி.பி. கடைகளை வாழ வைத்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்த 7.0. அதற்குப் பதிலாக வந்த இன்டிசைனின் பிந்தைய பதிப்புகள் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறப்பதில்லை. கோரல்டிராவில் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. 'வெர்ஷன் குறைச்சு சேவ் பண்ணிக் குடுங்க' என்று அச்சகத்தில் சொல்வது அதனால்தான். இதற்கெல்லாம் பொதுவான மாற்று பி.டி.எஃப். 1993-ல் அடோபி நிறுவனம் கொண்டு வந்த இது, 2008-ல் உலகத் தரமாகவே ஏற்கப்பட்டது. அதிலும் அச்சுக்கென்று பி.டி.எஃப்.-எக்ஸ் என்ற பிரிவு இருக்கிறது. எழுத்துரு உள்ளேயே இருக்க வேண்டும், வெட்டும் அளவு குறிக்கப்பட்டிருக்க வேண்டும், நிறம் அச்சுக்கேற்பச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பிரிவு. ஒரு சாஃப்ட்வேர் தொழிலுக்கானதா என்று ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ள வேண்டுமானால், 'இதிலிருந்து பி.டி.எஃப்.-எக்ஸ் எடுக்க முடியுமா?' என்று கேட்கலாம்.

விலையை வைத்து முடிவு செய்ய முடியாது. அடோபி 2013-லிருந்து புதிய பதிப்புகளை வாடகை முறைக்கு மாற்றிவிட்டது. கட்டணம் நின்றால் சாஃப்ட்வேரும் நின்றுவிடும். 2014-ல் வந்த அஃபினிட்டி டிசைனர், ஒருமுறை காசு கட்டி வாங்குவதாக இருந்தது. 2024-ல் அந்த நிறுவனத்தை கேன்வா வாங்கியது, 2025-ல் அது இலவசமாகிவிட்டது. இங்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸும் தொடக்கத்திலிருந்தே இலவசம். இங்க்ஸ்கேப்பில் நான்கு மைக் கணக்கு முழுமையாக இருந்ததில்லை. ஆகவே அதில் வரைந்து ஸ்கிரைபஸில் அச்சு ஃபைல் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மஞ்சப்பையில் ஒரே நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறவர்களுக்கு இங்க்ஸ்கேப்பே தாராளம். செல்போன் ஆப்களையும் நாம் குறை சொல்லவில்லை. பொங்கல் வாழ்த்துக்கும், வாட்ஸ்அப் விளம்பரத்துக்கும் அவை போதும். திரையில் பார்ப்பதற்காகச் செய்தது திரையில் அழகாகவே இருக்கும். திருட்டுப் பிரதியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வேலை கொடுக்கும் இடத்தில் அசல்தானா என்று கேட்பதில் தவறில்லை.

நமது மல்லித் தூளுக்கு வருவோம். தம்பி மகன் போட்ட அமைப்பையே அந்த அம்மையார் வைத்துக்கொண்டார். அழகாகத்தான் போட்டிருக்கிறான் என்று பாராட்டவும் செய்தார். பச்சையை அச்சில் நிற்கும் பச்சையாக மாற்றினார். எழுத்தைக் கறுப்பு மை மட்டும் ஆக்கினார். பார்கோடை வெள்ளைக் கட்டத்தில் கறுப்பாக, முழு அளவில் வைத்தார். விலைக்கும் தேதிக்கும் இடம் விட்டார். பையனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான், இப்போது கோரல்டிரா கற்றுக்கொண்டிருக்கிறான். முதலில் ஒரு தாள் மட்டும் அடித்து வரச் சொல்லி, வெயிலில் வைத்தும் கடை விளக்கில் வைத்தும் பார்த்து, ஸ்கேனரில் காட்டி, அதன் பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். ஸ்டோர்காரர் சரக்கை எடுத்துக்கொண்டார். திருத்தும் பிரதி, கர்வ்ஸ் பிரதி, பி.டி.எஃப். மூன்றும் ஒரு பென் டிரைவில் கடை உரிமத்தோடு பீரோவில் இருக்கின்றன. இன்னொரு நகல் மகன் வீட்டில்.

அடுத்து மிளகாய்த் தூள் லேபிள் வேலை நடக்கிறது. சிவப்புப் பின்னணி ஸ்கேனர் கண்ணுக்கு வெள்ளை மாதிரிதான், பார்கோடுக்கு வெள்ளைக் கட்டம் தேவையில்லை என்கிறார் அச்சகக்காரர். இருந்தாலும் விடச் சொல்லியிருக்கிறோம்.